ஆறு பட்டன் விவகாரம்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே உன் அண்ணி, நான், என் இடது கை மூவரும் சௌக்கியம். வலது கை பழையபடிதான். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பாதியில் சிரித்துவிடுவாய். இது சிரிக்கிற விஷயமில்லை, அதனால் கடிதம். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் பெண், உன் மருமகள்தான். அவள் மேல் உள்ள புகாரை அவளையே எழுத வைப்பது முறையில்லை என்று எனக்கும் தெரியும். என்ன செய்வது, உன் அண்ணி "எனக்கு வேலை இருக்கு, உங்க சண்டையில என்னை இழுக்காதீங்க" என்று நழுவிவிட்டாள். ஓர் எழுத்துகூட மாற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். (மாத்தல அத்தை. அப்படியே எழுதறேன்.)

விஷயத்துக்கு வருகிறேன். ஓவியக் கல்லூரியில் இரண்டு வருடம் ஒழுங்காகத்தான் படித்தாள். போன வருடம் நம் வீட்டு பீரோவைப் பென்சிலால் வரைந்து பரிசுகூட வாங்கினாள். இப்போது ஓவியம் வேண்டாமாம், கேம் டிசைன் பிரிவுக்கு மாறப் போகிறாளாம். அதற்கு ஒரு படிவம், அதில் அப்பாவின் கையெழுத்து, வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடுமாம். தலைகீழாக நின்றாலும் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிறந்தநாளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்து அவளைக் கெடுத்தவள் நீதான், ஆகவே நீயே அவளுக்குப் புத்தி சொல்லித் திருத்த வேண்டும்.

வீடியோ கேம் என்றால் துப்பாக்கி இருக்கும், கார் பறக்கும் என்றுதானே நாம் நினைப்போம்? இவள் செய்திருப்பதில் ஒரு சட்டை இருக்கிறது. ஒரு ஆள், ஒரு கை, ஆறு பட்டன், அவ்வளவுதான். அந்த ஆள் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினேனே, லிஃப்ட் மெக்கானிக் வேலை போய், அதே கம்பெனியில் போனை எடுத்து, உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் "பயப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டிருக்காங்க" என்று சொல்கிற நாற்காலியில் உட்கார்ந்தேனே, அப்போது என் பட்டனை ஒருவரும் தொடக் கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டுவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானேதான் சட்டை போட்டுக்கொண்டேன். ஒரே வாரத்தில் பழகிவிட்டது என்று உனக்கும் சொன்னேன். இவள் விளையாட்டில் நூற்றுப் பன்னிரண்டு காலைகள் இருக்கின்றன. "அதென்னம்மா கணக்கு நூத்திப் பன்னிரண்டு?" என்று கேட்டேன். "எண்ணினேன்பா. அந்தக் கதவு சரியா சாத்தாது" என்கிறாள். பதினேழாவது காலையில் அந்த ஆள் சட்டையைச் சுருட்டிச் சுவரில் எறிகிறான். அப்புறம் அவனே போய் எடுத்து உதறி, மறுபடி முதல் பட்டனிலிருந்து ஆரம்பிக்கிறான். அதையும் பார்த்திருக்கிறாள் பாவி. எனக்கு எவ்வளவு வெட்கமா இருந்துச்சுன்னு உனக்குப் புரியுமா? "சரி, இதில எப்பத்தான் ஜெயிக்கறது?" என்றேன். "ஜெயிக்கறதெல்லாம் இல்லப்பா. போட்டுக்கிட்டு வேலைக்குப் போகணும். மறுநாள் திரும்பப் போடணும்." இதைப் படமாக வரைந்து தொலைத்திருக்கலாமே என்றால், "படம்னா பாத்துட்டுப் போயிடுவாங்க. இதுல அவங்க கையாலேயே போட்டுப் பாக்கணும்" என்று எனக்கே பாடம் எடுக்கிறாள்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போன சனிக்கிழமை கல்லூரியில் கண்காட்சி வைத்தார்கள், நானும் இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் மிடுக்காகப் போய் அவள் மேசைப் பக்கத்தில் நின்றேன். ஒரு கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டுதான் ஆட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். முதலில் உட்கார்ந்தவர் ஏதோ கேம் கம்பெனியிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்தவர்; இரண்டாவது பட்டனிலேயே வியர்த்துவிட்டார், மூன்றாவதில் பாக்கெட்டிலிருந்த கை தானாக வெளியே வந்தது, இவள் "சார், கை" என்றாள், அவர் உள்ளே விட்டார், ஐந்தாவது நழுவியது, "சே!" என்று மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார், அந்தத் தட்டில் பக்கத்து மேசைப் பெண் செய்து வைத்திருந்த களிமண் தலை கீழே விழுந்து மூக்கு போயிற்று, அந்தப் பெண் அழ, இவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு நேரே போய் வரிசையில் மறுபடி கடைசி ஆளாக நின்றார். அடுத்து ஓர் ஆசிரியை உட்கார்ந்து ஆறு பட்டனையும் போட்டு முடித்துக் கைதட்டலும் வாங்கிவிட்டார். திரையை உற்றுப் பார்த்தால் எல்லாமே ஒரு துளை தள்ளிப் போட்டிருக்கிறார், காலர் ஒரு பக்கம் காதைத் தொடுகிறது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் வாய்விட்டுச் சிரித்தேன், திடீரென்று பார்த்தால் என் சிரிப்பு மட்டும்தான் கேட்கிறது. அவர்கள் கண்ணெல்லாம் என் மேல். குனிந்து பார்த்தேன். என் நீலச் சட்டையும் ஒரு துளை தள்ளித்தான் போட்டிருந்தது. அப்படியே பஸ்ஸில் வந்து, அப்படியே இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறேன்! விளையாட்டைச் சேர்ந்த ஆள் என்று நினைத்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. மானம் கப்பலேறிவிட்டது. "நீயாவது பாக்கலையா?" என்று உன் அண்ணியைக் கேட்டேன். "வீட்லயே பாத்தேன். தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்கிறாள். (அத்தை, நானும் பாத்தேன். அவரே போட்டதாச்சே, எப்படிச் சொல்றது?)

ஆகவே கடிதம் கண்டதும் அவளுக்கு நாலு வார்த்தை உறைக்கிற மாதிரி எழுது. ஓவியமே படிக்கச் சொல். அப்பா கையெழுத்துப் போட மாட்டார், அது முடிந்த கதை என்று சொல். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: இதை எழுதுவது நான். இடது கை. அவள் வகுப்புக்குப் போயிருக்கிறாள். மேலே சொன்னதெல்லாம் விட்டுவிடு. சேர்க்கையின்போது போட்ட கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று கல்லூரியில் சொன்னார்களாம். அது வலது கை போட்டது. அது இனி எனக்கு வராது. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, கோபத்தைக் காட்டினேன். மூன்று நாள் பழைய செய்தித்தாளில் போட்டுப் பார்த்தேன். இன்று படிவத்தில் போட்டு அவள் மேசையில் வைத்துவிட்டேன். கோணல்தான். மாறியிருக்கிறதே என்று கேட்டால் நானே வந்து அவர்கள் எதிரில் போட்டுக் காட்டுவேன். நீ அவளுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். இவ்வளவுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. நிதானமாகப் படி.