லைசென்ஸ் அக்கா பெயிலான கதை

சிதம்பரத்தில் நடராஜருக்கு அடுத்தபடியாக அதிகம் பேரைத் தலை குனிய வைத்தவர் எங்கள் லைசென்ஸ் அக்காதான். சன்னிதியில் பக்தியால் குனிவார்கள். அக்கா கடையில் "குனி" என்ற ஒரே சொல்லுக்குக் குனிவார்கள். தலைமையாசிரியை, வக்கீல் அம்மா, நகைக்கடை முதலாளியின் மனைவி என்று யாராக இருந்தாலும் குனிந்தே ஆக வேண்டும். கையில் கத்திரிக்கோல் வைத்திருப்பவரிடம் யாரும் வாதாடுவதில்லை.

வடக்கு வீதியில் ஒரு மாடியில் அவருடைய பியூட்டி பார்லர். அதற்கு நேர் கீழே என்னுடைய ஜெராக்ஸ், டி.டி.பி. கடை. அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அதை வாசல் பலகையிலும் எழுதியிருந்தார். ஊர் அதைப் படித்ததே இல்லை. எனக்கும் ஒரு பெயர் உண்டு. அக்கா அதைப் பயன்படுத்தியதே இல்லை. என்னை "டைப்பு" என்றுதான் கூப்பிடுவார்.

எல்லாம் அமெரிக்காவிலிருந்து ஒரு பெண் வந்ததில் ஆரம்பித்தது. அக்காவின் வீட்டுக்காரருடைய அண்ணன் மகள். லீவுக்கு வந்தவள் பார்லரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெள்ளந்தியாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். "சித்தி, உங்க லைசென்ஸ எங்க மாட்டி வச்சிருக்கீங்க?"

அவள் இருக்கும் மாநிலத்தில் ஒருவர் அடுத்தவர் தலையில் கை வைக்க வேண்டுமானால் மாதக்கணக்கில் படிக்க வேண்டுமாம். அரசாங்கம் பரீட்சை வைக்குமாம். பாஸ் ஆனவர்களுக்கு மட்டும் லைசென்ஸ் கொடுக்குமாம். அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டாவிட்டால் அபராதமாம். புருவம் திருத்துவதற்குக்கூடவா என்று அக்கா கேட்டார். புருவத்துக்கும்தான் என்றாள் அந்தப் பெண். அவள் விமானம் ஏறிப் போய்விட்டாள். கேள்வி வடக்கு வீதியிலேயே தங்கிவிட்டது.

மறுநாளே அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். எனக்கு அங்கே இன்னமும் வேலை இருக்கிறது. அங்கிருந்த கிளார்க் பொறுமையான மனிதர். கடைக்குத்தான் வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பித்துக் கொடுக்கிறோமே, ஆளுக்கென்று தனியாக எதுவும் கிடையாது என்றார்.

"கடையா சார் புருவம் எடுக்குது?" என்றார் அக்கா.

கிளார்க் கொஞ்சம் யோசித்தார். கோர்ஸ் முடித்த சர்டிபிகேட் இருக்கும் அல்லவா, அதை மாட்டிக்கொள்ளுங்கள் என்றார். அக்காவிடம் அது இருந்தது. கடலூரில் மூன்று மாதம் படித்தபோது வாங்கியது. அந்த வகுப்புக்குத் தன் தங்கைக்குத் துணையாக வந்து, மூன்று மாதமும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்த ஒரு பெண்ணுக்கும் அதே சர்டிபிகேட்டைக் கொடுத்தார்கள். அவளுக்குப் பெயரையாவது சரியாக எழுதியிருந்தார்கள்.

"அது வந்தவங்க எல்லாத்துக்கும் குடுத்தது சார். பெயிலாக்கத் தெரிஞ்சவங்க குடுக்குற பேப்பர்தான் எனக்கு வேணும்."

கிளார்க் எழுந்து டீ குடிக்கப் போனார். நாங்கள் கிளம்பும் வரை திரும்பவில்லை.

அதன் பிறகு திங்கள்தோறும் அக்கா கடலூருக்கு பஸ் ஏறினார். கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள் அது. மனு அடித்தது நான்தான். 'அழகுக்கலை நிபுணர்களுக்கு அரசே தேர்வு நடத்தி, தகுதியில்லாதவர்களைத் தோல்வியடையச் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.' வாழ்க்கையில் நான் அடித்த மனுக்களில், தன்னையே மாட்டிவிடச் சொல்லிக் கேட்ட மனு இது ஒன்றுதான். பட்டா கேட்டும் பென்ஷன் கேட்டும் வந்தவர்கள் வரிசையில் நிற்க, அக்கா அவர்களுடைய பாதவெடிப்புக்கும் பொடுகுக்கும் வழி சொல்லிக்கொண்டே முன்னேறுவார். நான்காவது வாரத்துக்குள், அவர் வரக் கொஞ்சம் தாமதமானாலே வரிசையில் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மனு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் பயணம் செய்து, கடைசியில் ஒரு பதிலைப் பெற்றுக்கொண்டு வந்தது. 'மனுதாரரின் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. அழகு இவ்வலுவலகத்தின் வரம்புக்குள் வராது என்பது தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.' நான் சிரித்துச் சிரித்து மேஜையில் சாய்ந்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

அரசாங்கம் கைவிட்டதும் அக்கா தானே அரசாங்கமானார். அமெரிக்கப் பெண்ணிடமிருந்து வாட்ஸ்அப்பில் விதிமுறைகளை வாங்கினார். இரண்டு பக்கத்தில் ஒரு படிவம் தயாரானது. வயது என்ன, சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எதெது ஒத்துக்கொள்ளாது என்று நிரப்பிக் கையெழுத்துப் போட்டால்தான் புருவம் திருத்தும் நூலைக் கையில் எடுப்பார். ஒரு அம்மாள் வயது என்ற இடத்தில் முப்பத்து நான்கு என்று எழுதினார். அவருடைய மகன் அப்போது கல்லூரியில் கடைசி வருடம். அக்கா படிவத்தைத் திருப்பி நீட்டி, நீங்கள் பொய் சொன்னாலும் தோல் பொய் சொல்லாது, திருத்தி எழுதுங்கள் என்றார். பக்கத்து நாற்காலியில் அந்த அம்மாளின் நாத்தனார். திருத்தி எழுதிய எண்ணை நாத்தனார் சத்தமாகப் படித்தார். அந்தக் குடும்பம் அதன் பிறகு பார்லர் பக்கமே வரவில்லை.

அடுத்த விதி, டை அடிப்பதானாலும் பிளீச் போடுவதானாலும் முதல் நாளே வந்து, காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். கடைக்குப் புதிதாக ஒரு க்ரீம் வந்தால் முதல் பொட்டு அக்காவின் வீட்டுக்காரருக்கு. மாமா காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். சாந்தமான மனிதர். லால்பேட்டையில் ஏறுகிறவர்கள் அவர் காதைப் பார்த்துத்தான் அக்கா கடைக்கு என்ன சரக்கு வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். ஒருமுறை அக்கா அவர் மீசையில் பாதியை மட்டும் கறுப்பாக்கி அனுப்பிவிட்டார். வலப்பக்கம் உட்கார்ந்தவர்கள் தம்பி என்றும், இடப்பக்கம் உட்கார்ந்தவர்கள் பெரியவரே என்றும் டிக்கெட் கேட்டார்களாம்.

இதெல்லாம் செய்தும் அக்காவுக்கு மனம் ஆறவில்லை. யாரும் பரீட்சை வைக்கவில்லையே. ஓர் ஆவணி மாதம், நூறு மார்க்குக்குக் கேள்வித்தாள் ஒன்றை என்னிடம் அடிக்கச் சொன்னார். கேள்விகளை எடுத்துக் கொடுத்தது அமெரிக்கப் பெண். தமிழாக்கியது நான். பாஸ் மார்க் எழுபத்தைந்து. முப்பத்தைந்து போதாதா என்றேன். அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு, அவர்கள் யார் மூஞ்சியிலும் ஆசிட் தடவப்போவதில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிப் பரீட்சை நடந்தது. ஹால் டிக்கெட் உண்டு, போட்டோவுடன். எழுதுகிறவர் ஒருவர், கண்காணிக்க நான் ஒருத்தி. மூன்று மணி நேரத்தில் அக்கா இரண்டு முறை கூடுதல் தாள் கேட்டார். ஒருமுறை நான் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்ததற்கு, "டைப்பு, இப்ப நான் பிட்டு அடிச்சா யாரு பொறுப்பு?" என்று கண்டித்தார்.

விடைத்தாளைத் தெற்கு வீதியில் கிளினிக் வைத்திருந்த தோல் டாக்டரம்மாவிடம் கொடுத்தோம். சிரித்துக்கொண்டே வாங்கினார். சிரிக்காமல் திருத்தினார். திங்கட்கிழமை ரிசல்ட் வந்தது. எழுபத்தொன்று.

நாலு மார்க்கில் பெயிலாக்கியது ஒரே ஒரு பத்து மார்க் கேள்வி. 'பிளீச் போடும்போது எரிகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் என்ன செய்வீர்கள்?' அதற்கு அக்கா எழுதிய பதில், 'என் கடையில் அப்படி யாரும் சொன்னதில்லை.' டாக்டரம்மா சிவப்பு மையில் பெரிய முட்டை போட்டு, 'இது பதில் அல்ல, பெருமை' என்று பக்கத்தில் எழுதியிருந்தார்.

அக்கா விடைத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு ஒரு வாசகம் அடிக்கச் சொன்னார். அடித்துக் கொடுத்தேன். பார்லர் கதவில் ஒட்டினார். 'உரிமையாளர் தேர்வில் தோல்வி. மறுதேர்வு வரை கடை விடுமுறை.' ஆவணி முகூர்த்தம் முழுவீச்சில் இருந்த வாரம் அது.

செவ்வாய்க்கிழமை காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணும் அவளுடைய அம்மாவும் வந்தார்கள். வெள்ளிக்கிழமை கல்யாணம். அக்காதான் அலங்காரம் என்று இரண்டு மாதம் முன்பே பேசி வைத்தது. அந்த அம்மாள் கதவைப் படித்தார், சந்தேகப்பட்டு இன்னொரு முறை படித்தார், கீழே என் கடையில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் வந்தார்.

"என்னாங்க இது வெளையாட்டு?"

"வெளையாட்டு இல்லீங்க. நான் பெயிலு. பெயிலான ஆளு கல்யாணப் பொண்ணு மூஞ்சியில கை வைக்கக் கூடாது."

"அத யாருங்க கேக்கப்போறாங்க?"

"நான் கேக்குறேனே."

அந்த அம்மாள் கெஞ்சினார், திட்டினார், கடைசியில் மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேறு பார்லரைத் தேடிப் போனார். நானும் அக்காவிடம் சண்டை போட்டேன். அக்காவோ தப்பாக எழுதிய கேள்விக்குச் சரியான பதிலை டாக்டரம்மாவிடம் கேட்டு எழுதி வைத்திருந்த நோட்டைப் பிரித்துக்கொண்டார். நிறைய தண்ணீர், வெறும் தண்ணீர், வேறு எதையும் தடவக் கூடாது, உடனே டாக்டர். பள்ளிப் பிள்ளை மாதிரி வாய்விட்டு மனப்பாடம் செய்தார். எனக்கே பாடமாகிவிட்டது.

புதன்கிழமை மத்தியானம் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதே அம்மாள், அதே பெண். பெண் முகத்தைத் துண்டால் மூடியிருந்தாள். துண்டை எடுத்தாள். இரண்டு கன்னமும் தக்காளியாகச் சிவந்து கிடந்தன. பிளீச் எரிகிறது என்று அவள் சொன்னபோது, எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்று அந்த பார்லரில் சொல்லியிருக்கிறார்கள். பிறகு பயந்துபோய் மேலே வேறொரு க்ரீமையும் அப்பியிருக்கிறார்கள்.

அக்கா நோட்டை மூடினார். பெண்ணை என் கடையின் பின்பக்கக் குழாய்க்கு அழைத்துப்போய் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். ஊற்றினார், ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார். என் பேப்பர் கட்டுகள் மிதந்தன. அம்மாள் ஐஸ் என்றார், டூத் பேஸ்ட் என்றார், கற்றாழை என்றார். "ஒண்ணும் கெடையாது. தண்ணி மட்டுந்தான்" என்று அக்கா ஒரே பதிலைச் சொன்னார். குரல் அதட்டலாக இருந்தது, கை மட்டும் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல இருந்தது. பெண் அழுதுகொண்டே, கல்யாணம் நின்றுவிடுமா என்று கேட்டாள். அக்கா குழாயை மூடி ஆட்டோவைக் கூப்பிட்டார். அப்படியே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, தண்ணீர் ஊற்றியது நல்லதாகப் போயிற்று, தழும்பு விழாது என்றார். ஆனால் ஒரு வாரத்துக்கு முகத்தில் எதுவும் படக் கூடாது. பவுடராவது போடலாமா என்று அம்மாள் கேட்டார். கூடாது என்று டாக்டரம்மாவும் அக்காவும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை அக்கா மண்டபத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். விடியற்காலையிலிருந்து மணமகள் அறை வாசலில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்துவிட்டார். மஞ்சள் கிண்ணத்தோடு வந்த அத்தைகளைக் கையிலும் காலிலும் மட்டும் பூசச் சொன்னார். கொஞ்சம் டச்சப் பண்ணலாம் என்று வந்த போட்டோகிராபரை ஒரு பார்வை பார்த்தார், அவர் லைட்டைச் சரிசெய்யப் போய்விட்டார். சடை பின்ன ஆள் இல்லை. அக்காதான் அங்கேயே இருக்கிறாரே என்று எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "நான் பெயிலு. வாயாலதான் சொல்லுவேன்" என்று, பெண்ணின் தங்கைக்கு ஒவ்வொரு பின்னலாகச் சொல்லிக்கொடுத்து முடித்தார்.

மேடையில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர் குனிந்து உற்றுப் பார்த்து, பெண்ணுக்கு முகம் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று கேட்டார். பெண்ணின் அம்மா அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"வெக்கம்" என்றார் அக்கா.

பெரியம்மா ஏற்றுக்கொண்டார். மாப்பிள்ளையிடம் அந்தப் பெண் முதல் நாளே போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாளாம். அவர் சிரிப்பை அடக்க முடியாமல் தாலியைக் கீழே போடப் பார்த்தார். நல்லவேளை, போடவில்லை.

அடுத்த ஞாயிறு மறுதேர்வு. அக்கா தொண்ணூறு எடுத்தார். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். இது ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும் என்று அக்காவே கீழே எழுதச் சொன்னார். மறு வருஷமும் எழுதினார். அந்த முறை என் கடை வாசலில் ஒரு பெண் வெகுநேரம் தயங்கி நின்றாள். அந்த பிளீச் பார்லரை நடத்துகிறவள் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். தனக்கும் ஒரு ஹால் டிக்கெட் அடித்துத் தர முடியுமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். அக்கா அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அந்தப் பெண் அந்த முறை பெயில். ஒரு வாரம் கடையைப் பூட்டினாள். அதற்கடுத்த முறை பாஸ்.

இப்போது அக்கா கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறார். மாமாவுக்கு அந்தப் பக்கம் மாற்றல். வடக்கு வீதியிலிருந்து என் வீட்டுக்குப் போவதற்குள் ஏழு பார்லர்கள் வந்துவிட்டன. எல்லாம் ஏ.சி. நான் மாதம் ஒருமுறை புவனகிரி வழி பஸ்ஸில் கடலூர் போகிறேன். அக்கா வழக்கம்போல் படிவத்தை நீட்டுகிறார், போன மாதத்திலிருந்து புதிதாக என்ன மாத்திரை என்று கேட்கிறார், வயதைச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்க்கிறார். பிறகு நாற்காலியில் சாய்கிறேன். வேறு எங்கே போனாலும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பேன். அக்காவிடம் மட்டும் உட்கார்ந்ததுமே கண்ணை மூடிக்கொள்கிறேன்.