மணல் வகுப்பில் கிடைத்த புரமோஷன்

நன்றாகப் படித்த குற்றத்துக்காகக் கீழ் வகுப்புக்கு அனுப்பப்பட்டவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

தச்சநல்லூரில் நாங்கள் படித்த சின்னப் பள்ளிக்கூடத்தில் மணல் வகுப்பில் தொடங்கி நான்காம் வகுப்பு வரை உண்டு. மணல் வகுப்பில் விரலால் எழுத்து; மீதி நேரமெல்லாம் பாட்டு. ஒன்றாம் வகுப்பில் சிலேட்டு வந்துவிடும், பாட்டு பாதியாகும். இரண்டாம் வகுப்பில் பாட்டே கிடையாது. கால், அரைக்கால், வீசம் என்று பின்ன வாய்ப்பாடு. தப்பினால் தொடையில் கிள்ளு. மூன்றில் சுவரில் ஜில்லாப் படம் தொங்கும். தாமிரபரணி எங்கே பிறக்கிறது, எந்தெந்த ஊரைத் தொட்டு ஓடுகிறது என்று வரிசையாக ஒப்பிக்க வேண்டும். (தினமும் குளிக்கிற ஆற்றைச் சுவரில் எதற்கு மாட்டினார்களோ!) நான்காம் வகுப்பில்தான் காகிதம், மைக்கூடு, இங்கிலீஷ். வயது ஏற ஏறப் பாட்டு குறைந்து அடி கூடும் என்பதுதான் அந்தப் பாடத்திட்டத்தின் சாரம். ஆனாலும் அந்த மைக்கூட்டுக்காக நான் எத்தனை கிள்ளு வேண்டுமானாலும் வாங்கத் தயாராக இருந்தேன்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. என்னைவிட ஒரு வயது சின்னவனான அத்தை மகன் சங்கரனும் அதே வகுப்பு. அவன் மட்டும் நான்குக்குப் போய் நான் போகாவிட்டால் அத்தை வாயில் விழுந்து எழுந்திருக்க முடியாது. இன்ஸ்பெக்டர் வந்து கேள்வி கேட்டுத் தேற்றிவிட்டால்தான் மேல் வகுப்பு.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று மணல் வகுப்பில் ஒரு குஞ்சைக் காணோம். தொப்பி போட்ட ஆள் வண்டியில் வருகிறார் என்று கேட்டதுமே, அம்மை குத்துகிறவர்தான் வந்துவிட்டார் என்று முடிவுகட்டித் தாய்மார்கள் பிள்ளைகளை நெல் குதிருக்குள் இறக்கிவிட்டார்கள். வகுப்பு காலி என்றால் சர்க்கார் கொடுக்கிற கிராண்டு பணம் போய்விடும். ஹெட்மாஸ்டர் ஞானமுத்து ஐயா வெளிறிப் போனார். மூன்றாம் வகுப்புக்கு ஓடிவந்து குள்ளமாக இருந்த ஐந்தாறு பேரைப் பொறுக்கினார். எல்லாரிலும் குள்ளன் நான்.

“அங்கன போயி மணல்ல உக்காருலே. ஒங் கிளாஸ் முறை வரும்போது பைய பின்வாசல் வழியா வந்துரு. சிரிக்க மட்டும் செய்யாத, பல்லு காட்டிக் கொடுத்துரும்” என்றார்.

(எனக்கு ஒன்பது வயது. முன்பற்கள் இரண்டும் மண்வெட்டி போல முளைத்திருந்தன.)

வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். ‘அ’ எழுதச் சொன்னார் இன்ஸ்பெக்டர். கோணலாக எழுத வேண்டும் என்பது ஹெட்மாஸ்டர் உத்தரவு. அந்த நேரம் பார்த்து சங்கரன் கதவுச் சந்தில் தலையை நீட்டி, விரலைச் சூப்பிக் காட்டினான். எனக்கு வந்ததே கோபம்! என் பெயர், அப்பா பெயர், ஊர், தாலுகா, ஜில்லா எல்லாவற்றையும் மணல் கொள்ளாமல் எழுதித் தள்ளினேன்.

இன்ஸ்பெக்டர் அசந்துபோனார். வயதைக் கேட்டார். ஹெட்மாஸ்டர், ஆறு நடக்கிறது என்றார். உடனே அந்த மனிதர் என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. என்னை இழுத்துக்கொண்டே வகுப்பு வகுப்பாகப் போனார். மற்றக் குள்ளர்கள் பின்வாசல் வழியே நழுவிவிட்டார்கள்; நான் மட்டும் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பிடியிலிருந்து எங்கே நழுவுவது?

மூன்றாம் வகுப்பில், அம்பாசமுத்திரத்துக்கு அடுத்து ஆறு எந்த ஊரைத் தொடுகிறது என்று சங்கரனைக் கேட்டார். அவன் விழித்தான். விட்டேனா நான்? கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிக் கடல் வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். மணல் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லையே என்று என் சொந்த வகுப்பைத் திட்டித் தீர்த்துவிட்டு, போனால் போகிறதென்று எல்லாரையும் நான்குக்குத் தேற்றினார் அவர். எனக்கு மட்டும் தனி மரியாதை. ஒன்றாம் வகுப்பையே தாண்டி, டபுள் புரமோஷனில் நேராக இரண்டாம் வகுப்பு!

அதை ஒருதரம் படித்து முடித்தவன் ஐயா நான்!

சாயங்காலம் ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். அப்பா அதற்குள் புரமோஷன் செய்தியை மட்டும் கேட்டுவிட்டுத் தெருவுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்து முடித்திருந்தார்.

“உண்மையச் சொன்னா பள்ளிக்கூடமே போயிரும், அண்ணாச்சி. பயலுக்கு வயசு கெடக்கு” என்றார் ஹெட்மாஸ்டர்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். காலியான கற்கண்டுத் தட்டைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றிவிட்டார். நான் மறுபடியும் வீசம் படித்தேன். சங்கரன் தினமும் மை படிந்த விரலை என் மூக்குக்கு நேரே ஆட்டிவிட்டுப் போனான்.

பிற்பாடு நான் தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக நுழைந்தபோது அவன் எனக்கு இரண்டு வருஷம் மூத்தவனாக உட்கார்ந்திருந்தான். அந்தப் பொடிப்பயலை நான் சார் என்று கூப்பிட வேண்டியதாயிற்று. என் கதையைக் குடும்பம் முழுக்கப் பரப்பியவனும் அவனே. போன மாதம் எனக்கு உத்தியோக உயர்வு உத்தரவு வந்தது. வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். என் மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள்:

“சங்கரண்ணன்ட்ட கேட்டாச்சா, இது மேல போறதா கீழ போறதான்னு?”