இலந்தையடியில் ஒழுங்கை இல்லை

சோலோதுர்ன்,
22.03.1986

மதிப்புக்குரிய மைத்துனர் குகநாதன் அவர்களுக்கு,

நானும் உமது தமக்கை புனிதவதியும் இங்கே உயிரோடு இருக்கிறோம். நீரும் அப்படியே இருக்கவேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். எதிராளி இல்லாமல் வழக்கு நடத்த முடியாது. யாழ்ப்பாணத்தில் நீதிமன்றம் பூட்டிக் கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். பூட்டிக் கிடந்தாலும் வழக்கு வழக்குத்தான். இத்தனை காலம் உம்மோடு முகம் கொடுத்துக் கதையாத நான் இன்றைக்கு எழுதுவது ஓர் உதவி கேட்டு. அந்தச் சொல்லை எழுத இரண்டு தாள்களைக் கிழித்தேன்.

இலந்தையடியில் எனது வீட்டு வளவின் மேற்குப் பக்கத்தால், பெரிய வீதியிலிருந்து கேணியடிக்குப் போகும் ஒழுங்கை ஒன்று இருந்ததாகவும், அதை நான் வேலி போட்டு அடைத்துவிட்டதாகவும் 1964ஆம் ஆண்டு நீர் என்மேல் வழக்குப் போட்டீர். அப்படி ஓர் ஒழுங்கை இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை என்று நான் சத்தியம் பண்ணினேன். இருபத்திரண்டு வருடமாக அதையே சொல்லிவருகிறேன். சங்கக்கடை மனேஜரான நான் நில அளவைப் படம் படிக்கப் பழகியதும் இந்த வழக்கால்தான். எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. 1958ஆம் ஆண்டுப் பதிப்பை நீதவானின் மேசையில் விரித்து, இதில் ஒழுங்கையைக் காட்டட்டும் பார்ப்போம் என்று நான் கேட்டபோது உமது சட்டத்தரணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது உமக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு முந்திய பதிப்பு கறையான் தின்று அழிந்துவிட்டது, உலகத்தில் எங்கும் ஒரு பிரதி இல்லை என்றும் அன்று சொன்னேன்.

அது இந்த நாட்டுத் தலைநகர் பேர்ணில் இருக்கிறது.

போன மாதம் எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு முதல் விசாரணை நடந்தது. அதிகாரி மலையேறி வெயில் பட்டு மூக்குத் தோல் உரிந்த மனிதர். மொழிபெயர்க்க பூம்ப்ளிஸில் இருக்கிற கலாவதி என்ற பெண் வந்திருந்தா. எங்கேயோ இருந்து வந்து, சண்டை நடக்கிற ஊரின் பெயரைச் சொல்லி விண்ணப்பிக்கிறவர்களும் இருக்கிறார்களாம். அதனால் ஊர்க்காரனா என்று சோதிக்க அதிகாரி எங்கள் பகுதியின் பழைய நில அளவைப் படம் ஒன்று எடுத்து வைத்திருக்கிறார். மேசையில் விரித்ததும் எனக்குச் சந்தோஷம்தான். ஓர் அங்குலம் ஒரு மைல் என்று ஓரத்தைப் பார்த்தே சொன்னேன். கோயில், பள்ளிக்கூடம், சுடலை எல்லாவற்றையும் அவர் கேட்கமுன் விரல் வைத்துக் காட்டினேன். மனிதர் தலையாட்டித் தலையாட்டி எழுதினார். பிறகுதான் கலாவதி கேட்டா:

"உங்கட வீட்டிலயிருந்து கேணிக்கு எப்பிடிப் போறனீங்கள் எண்டு கேக்கிறார், ஐயா."

"பெரிய றோட்டுக்கு ஏறி, பள்ளிக்கூடத்தைச் சுத்திப் போறனான். முக்கால் மைல்."

அதிகாரி பென்சில் முனையை ஓரிடத்தில் வைத்தார். கால் அங்குல நீளத்துக்கு ஒரு புள்ளிக்கோடு. கறையான் தின்றதாக நான் சொன்ன அதே பதிப்பு.

"இதால போனாக் கால் மைல்தானே எண்டு கேக்கிறார்."

"அதால போகேலாது. அதில பாதை இல்லை."

"புள்ளி போட்டிருக்கே, ஐயா."

"ஈ இலையான் இருந்த அடையாளம், பிள்ளை."

அவர் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார்.

"ஒன்பது இலையான் ஒரே வரிசையில, ஒரே இடைவெளி விட்டு இருந்ததோ எண்டு கேக்கிறார்."

"எங்கட இலையான்களுக்கு ஒழுக்கம் இருக்கு எண்டு சொல்லும்."

அந்தப் பெண் அதை மொழிபெயர்க்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஐயா, ஓம் எண்டு சொல்லுங்கோ. பாதை இருந்தா நீங்கள் இலந்தையடி ஆள். இல்லையெண்டா இவர் உங்களை வேற எங்கையோ ஆள் எண்டு எழுதிப் போடுவார்" என்றா. இருபத்திரண்டு வருடம் இல்லையென்று சொன்ன வாயால் ஓம் என்று சொல்வது எப்படி? படம் பிழை, அளக்க வந்தவன் மர நிழலில் கள்ளுக் குடித்துவிட்டுக் கீறியது என்று சொன்னேன். இந்த நாட்டு மனிதரிடம் சொல்லக்கூடாத வார்த்தை அதுதான் என்று பிறகு தெரிந்தது. இவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் புள்ளி போட்ட வழியெல்லாம் நடக்கிறவர்கள். பாதை மாடு மேயும் காணிக்குள்ளால் போனாலும் சொந்தக்காரன் அவர்கள் திறந்து போகப் படலை வைத்துக் கொடுத்திருக்கிறான். அதிகாரி பேனாவை மூடினார். ஏப்ரல் பதினாலாம் திகதி இரண்டாவது விசாரணை, உமது தமக்கையும் வரவேண்டும், அதோடு முடிவு என்று அறிவித்துவிட்டார். திருப்பி அனுப்பினால், விமானத்தால் இறங்கியதும் எங்கே கொண்டுபோவார்கள் என்று உமக்கு நான் எழுதத் தேவையில்லை. வீதிக்கரை வீடுகளை ஆமி கொளுத்தியதை நீரும்தான் பார்த்தீர்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் உமது தமக்கை அகப்பையைக் கீழே வைத்தா.

"அந்த ஒழுங்கையாலதானே தாலி கட்டின அண்டைக்கு என்னை உங்கட வீட்டை கூட்டிக்கொண்டு வந்தவை!"

"காணிக்குள்ளால வந்தனீர். ஒழுங்கையால இல்லை."

"மேளகாரர் முன்னால வர, நூறு பேர் உங்கட கத்தரித் தோட்டத்துக்குள்ளாலயோ வந்தவை?"

"அந்த முறை கத்தரி வைக்கேல்லை."

அன்றிலிருந்து அவ என்னோடு கதைப்பதில்லை. கோப்பையை மட்டும் சத்தமாக வைக்கிறா.

படங்கள் பொய் சொல்லும் என்று நிரூபிக்கத் தீர்மானித்தேன். இங்கத்தைய நூலகத்துக்கு ஒரு கிழமை நடந்தேன். நாங்கள் இருக்கிற ஊரோரத்தின் பழைய படங்களைக் கேட்டால், அங்கே இருக்கிற அம்மா அலுப்பில்லாமல் எடுத்துத் தந்தா. மூன்று பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நூறு வருடத்துக்கு முந்தியதில், எங்கள் பக்கத்து வீட்டுக் கமக்காரனின் காணிக்குள்ளால் ஆற்றுக்கு ஒரு புள்ளிக்கோடு போகிறது. அடுத்ததில் பாதிதான். கடைசியில் ஒன்றுமில்லை. அகப்பட்டது பொய் என்று அதை ஒரு தாளில் கீறி எடுத்துக்கொண்டு போய், எனக்குத் தெரிந்த பத்து ஜெர்மன் சொல்லாலும் கையாலும் கமக்காரனிடம் கேட்டேன். அவன் படத்தைப் பார்த்தான். முகம் பீற்றூட் நிறமாயிற்று. தாத்தா என்றான், கலப்பை பிடிப்பதுபோல் கையைக் காட்டினான். பிறகு, உன்னை ஊர்ச்சபையா அனுப்பியது என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டான். மறுநாள் காலை எங்கள் வாசலில் ஒரு பை உருளைக்கிழங்கு இருந்தது. எதற்கென்று எனக்கு உடனே விளங்கியது. உமது சாட்சிக்காரருக்கு நானும் மாம்பழம் அனுப்பியவன்.

ஆக, படம் பொய் சொல்வதில்லை என்று அறிந்துகொண்டேன். அதற்காக நான் பொய் சொன்னதாக ஆகிவிடாது.

இப்போது நான் கேட்கவந்த உதவிக்கு வருகிறேன். இலந்தையடியில் அப்படி ஓர் ஒழுங்கை இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை என்று நீர் ஒரு கடிதம் எழுதி, சமாதான நீதவான் முன் கையெழுத்து வைத்து, விமானத் தபாலில் உடனே அனுப்பவேண்டும். எதிராளியே எழுதித் தருவதைவிட வலுவான சாட்சி ஏது? அதை இந்த விசாரணைக்கு மட்டும்தான் பாவிப்பேன் என்று என்னால் வாக்குத் தரமுடியாது. நீர் எழுதாவிட்டாலும் நான் ஓம் சொல்லப்போவதில்லை. என்னை விமானத்தில் கட்டி ஏற்றினாலும் அந்தச் சொல் என் வாயால் வராது.

உமது வீட்டாருக்கும் மாடுகன்றுக்கும் ஒரு குறையும் வராமல் கடவுள் காக்கட்டும். வழக்கில் மட்டும் அவர் என் பக்கம் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உமது அத்தான்
க. சச்சிதானந்தன்

பி.கு. 15.04.1986

நேற்று வருடப்பிறப்பும் அதுவுமாகப் பேர்ணுக்குப் போனோம். பதில் போடாத உம்மைத் திட்டிக்கொண்டே போனேன். தபாலில் போட்டதாகத் தலையாட்டிய உமது தமக்கை இந்தக் கடிதத்தை அரிசிப் பேணிக்குள் வைத்திருந்ததை, திரும்பி வரும்போது றெயினில்தான் ஒப்புக்கொண்டா.

அவவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். முக்கால் மணித்தியாலம் கழித்து வெளியே வந்தவ என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் உள்ளே போனதும் அதிகாரி அவ கீறிய தாளை என் முன்னால் வைத்தார். ஒழுங்கை இருந்தது.

"அம்மா கீறின வீட்டுக்குப் பக்கத்தில ஒழுங்கை இருக்கு. உங்கட வீட்டுக்குப் பக்கத்தில இல்லை. அப்ப நீங்கள் ரெண்டு பேரும் ஒரு வீட்டு ஆக்கள் இல்லை, விண்ணப்பத்தைப் பிரிச்சுத்தான் முடிவு எழுதவேணும் எண்டு சொல்லுறார், ஐயா."

"அப்ப அவ நிக்க, நான் போறதோ?"

"அப்பிடியும் வரலாம், ஐயா."

கதவுக் கண்ணாடிக்கு அப்பால் அவ எனது கோட்டை மடியில் வைத்து, அதன் கையை நீவிக்கொண்டிருந்தா. நாற்பது வருடம்.

"பென்சிலைத் தாரும், பிள்ளை" என்றேன்.

கீறினேன். பெரிய வீதியில் தொடங்கும் இடம், இரண்டு வளைவு, உமது ஐயா நட்ட பூவரசு, மாரியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிற பள்ளம், நான் வேலி அடைத்த இடம், எல்லாம். எவ்வளவு அகலம் என்று அதிகாரி கேட்டார். ஆறடி என்றேன். அடைக்கமுன் நானே அளந்து பார்த்தது. மனிதர் எழுந்து எனக்குக் கை தந்தார். முடிவு தபாலில் வருமாம்.

ஆகவே நீர் கடிதம் எழுதத் தேவையில்லை. வேலியைப் பிரித்துவிடும். ஹெலிகொப்டர் சுட்டுக்கொண்டு வரும்போது சனம் பெரிய வீதியைச் சுற்றாமல் அதால் ஓடிக் கேணியடிக் கோயிலுக்குள் போகட்டும்.

ஆனால் ஒன்று. உமது வழக்குப் பத்திரத்தில் நாலடி ஒழுங்கை என்றுதான் எழுதியிருக்கிறீர். கேட்டது நாலடி, தருவதும் நாலடி. மிச்சம் இரண்டடியும் என் காணி. அதில் ஒரு வேலிக் கதியாலைப் பிடுங்கினாலும், இவர்கள் அனுப்பாவிட்டால்கூட நானாகவே திரும்பி வருவேன்.