எலிஹியோ மாமாவின் கையில் மின்னிய சாவி

அன்பும் மதிப்பும் நிறைந்த எலிஹியோ மாமாவுக்கு,

ஜெனரேட்டரை அணைத்தது நீங்கள்தான். மற்றபடி நீங்களும் அத்தையும் நலமா? மூட்டு வலி பரவாயில்லையா? இங்கே சாண்டோ டொமிங்கோவில் நானும் என்னவன் அமாவுரியும் நலம்.

மாதா திருவிழாவில் என்னைப் பாட விடக்கூடாது என்று கமிட்டியில் நீங்கள் மேசையைத் தட்டியதும், இளவட்டங்கள் அதைக் கேட்காமல் என்னைக் கூப்பிட்டதும் எனக்குத் தெரியும். "என் காதல் பாட்டெல்லாம் அமாவுரிக்குத்தான்" என்று வானொலியில் சொன்ன நாளிலிருந்து, நான் எதிரே வந்து நம் வழக்கப்படி "ஆசீர்வாதம், மாமா" என்று கேட்டால் நீங்கள் வாயே திறப்பதில்லை. தெருவில் போகிற குடிகாரன் கேட்டாலும் "கடவுள் காப்பாத்தட்டும்" என்று சொல்கிற மனிதர். என் பாட்டுக் கம்பெனி முதலாளியும் உங்களைப் போலத்தான்: "பாடு தம்பி, யாருக்குன்னு மட்டும் சொல்லாதே." பெண்டாட்டியை அடிக்கிறவன் மேடையேறிக் காதல் பாட்டுப் பாடினால் கைதட்டல், எனக்கு மட்டும் இருட்டா?

திருவிழாவன்று ஊரில் மத்தியானமே கரண்ட் போய்விட்டது, மேடை ஜெனரேட்டரில் ஓடியது, இரண்டாவது பாட்டில் அதுவும் நின்றது, கூட்டம் கலைந்துவிடும் என்று நினைத்தீர்கள். கரண்ட் இல்லையென்று கலைகிற ஊரா இது? அப்படியிருந்தால் நம்மில் ஒருவருக்கும் கல்யாணம் ஆகியிருக்காது. மீன் பொரிக்கும் நூரிஸ் அக்கா வாணலியைத் தட்டித் தாளம் போட்டாள், ஊரே பாடியது, அமாவுரியும் பாடினான். "யாமில், உன் ஆளுக்குத் தவளைத் தொண்டைடா! நல்லவேளை, மூஞ்சி அழகா இருக்கு!" என்று அவள் கத்த, ஒரே சிரிப்பு. அப்போது பார்த்து, கெஞ்சினாலும் எரியாத தெருவிளக்கு எரிந்தது. "லைட்டு வந்துடுச்சு!" என்று ஊரே கையைத் தூக்கிக் கூவியது. பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், யாரால் அடக்க முடியும்? ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று நீங்களும் கூவினீர்கள். தூக்கிய கையில் அதன் சாவி.

"எலிஹியோண்ணே, கையில என்னமோ மின்னுதே?" என்றாள் நூரிஸ் அக்கா.

இனி உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன். இதுவே என் கடைசிக் கடிதம்.

அத்தைக்கு முத்தங்கள். மாதா உங்கள் முழங்கால்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மகன்
யாமில்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். அத்தை இப்போதுதான் போன் செய்தாள். அந்த இருட்டில் என் பாட்டின் கடைசிச் சரணத்தை நீங்களும் பாடினீர்களாம், ஒரு வார்த்தை பிசகாமல். "தெனமும் குளிக்கறப்ப அதைத்தாண்டா பாடறாரு!" ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். வாசலில் நின்று நான் கேட்பேன், அமாவுரியும் கேட்பான். இரண்டு பேருக்கும் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். இப்போதே பழகிக்கொள்ளுங்கள்:

ஆசீர்வாதம், மாமா?