மாமா குழைத்துச் சாப்பிட்ட நரம்பு

“டொக்டருக்கு மாக்ஸ் காணேல்லை எண்டு நேராச் சொல்லன் பிள்ளை. அதுக்கேன் நரம்பு வளருது எண்டு கதை?”

எங்கள் கோலியர்ஸ் வுட் வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடி மாமா கேட்டது இது. புள்ளிகள் எனக்குத் தாராளமாகக் காணும். நான்தான் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். நரம்புச் செல்லுக்குள் எலும்புக்கூடு மாதிரி இருக்கும் இழைச் சட்டம், செல் வளரும்போது அதற்கு எப்படி உருவம் கொடுக்கிறது என்று ஆராய ஓர் ஆய்வுகூடத்தில் இடமும் கிடைத்திருந்தது. ஆனால் அம்மா, “மாமா ஓமெண்டால் ஓம்” என்றுவிட்டா. (மாமா வாழ்க்கையில் பாஸ் பண்ணிய ஒரே சோதனை டிரைவிங். அதுவும் லேசில் இல்லை.)

மாமாவின் கண்முன்னாலேயே காட்டுகிறேன் என்று தமிழ்ப் பள்ளிக்கூட விஞ்ஞான நாளில் மேடை கேட்டு வாங்கினேன். நீளமான பிளாஸ்டிக் பைக்குள் குழல் புட்டை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளினேன். செல்லை நீட்டிப் பிடிக்கும் நுண்குழாய்களும் அப்படித்தான், சின்னத் துணிக்கைகள் சேர்ந்து நீளும். பையின் நுனியில் ஒரு கையுறை, விரல்களுக்குள் இடியப்பம். வளரும் நரம்பின் நுனி அப்படி இழை நிறைந்த விரல்களால்தான் வழி தடவிப் போகும்.

இவ்வளவும் தெரிந்த நான், அதை மண்டபத்துச் சமையலறையில் வைத்தேன். (எங்கட ஆக்களின் மண்டபத்தில் புட்டு என்றால் அது பொதுச்சொத்து.)

மைக் பார்த்துவிட்டு வந்தால், பந்திக்குப் பொறுப்பான ரஞ்சி அன்ரி வெறும் பையை மடித்துக்கொண்டிருந்தா.

“அன்ரி, இதுக்குள்ள இருந்தது?”

“குடுத்திட்டன். ஆர் பிள்ளை இடியப்பத்தைக் கையுறைக்குள்ள அடைஞ்சது? விசரோ?”

முன்வரிசையில் மாமா சாப்பாட்டுக் கோப்பையில் என் செல்லுக்குச் சொதி விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தார்.

ஆத்திரத்தில் வெறும் பையோடே மேடை ஏறினேன். பையும் தொங்கியது, கையுறையும் தொங்கியது.

“உள்ளுக்கு எலும்பில்லாட்டி நரம்பு இப்பிடித்தான். நீளாது, வழி தேடாது. எலும்பு எங்கையெண்டு கேக்கிறியளோ? மாமாவின்ர கோப்பையைப் பாருங்கோ.”

மண்டபமே திரும்பியது. மாமா ஆறுதலாக விழுங்கினார்.

“உப்புக் காணாது.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் புட்டின் பெயர் நரம்பு. “இரவைக்கு நரம்பும் சம்பலும்” என்கிறா அம்மா. மாமா வெஸ்ட் ஈலிங் கோயில்வரை போய், “மருமகளின்ர ஆராய்ச்சியை நான் ருசிச்சே பாத்தனான்” என்று பெருமை அடிக்கிறார். ஓம் என்ற சம்மதச் சொல் மட்டும் அந்த வாயிலிருந்து இன்னும் வரவில்லை.

நான் காத்திருக்கவில்லை. போன திங்கள் ஆய்வுகூடத்தில் சேர்ந்துவிட்டேன். அடையாள அட்டைப் படத்தில் முறைத்துக்கொண்டிருக்கிறேன். வெளிக்கிடும்போது அம்மா சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் தந்தா.

மதியம் திறந்தேன். நரம்பு. உப்பு அளவாக இருந்தது.