முப்பத்தெட்டு செய்த மிதி ரிமோட்

அழைப்பே இல்லாமல் போய், மணமக்களைவிட அதிக நேரம் கல்யாண வீடியோவில் நின்ற மனிதர் உலகத்திலேயே எங்கள் முப்பத்தெட்டு ஒருவராகத்தான் இருப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்த நாங்கள் பத்துப் பேர் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தோம். அவர் பக்கத்து அறை. ஒரு கம்பெனியில் எலக்ட்ரானிக்ஸ் மெயின்டனன்ஸ். எப்போதும் நைட் ஷிப்ட். "ரிமோட்டுல வர்ற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. ஆனா செகண்டுக்கு முப்பத்தெட்டாயிரம் தடவை மினுக்குது" என்று கீரைக்காரியைக்கூட நிறுத்தி வைத்துச் சொல்வார். பெயர் அப்படி வந்தது.

அந்த வருஷம் எங்கள் கம்பெனியில் கொதிக்கும் எண்ணெய் தெறித்து என் இரண்டு கைகளும் வெந்துபோயின. முழங்கைவரை கட்டு. விரல்கள் பழையபடி மடங்குமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. அறை நண்பர்கள் காலையில் இட்லி ஊட்டி, டிவியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். கன்னடத்தில் மாட்டுத் தீவனம் பற்றி ஓடினால், சாயங்காலம்வரை எனக்கு அந்தச் சேனல்தான்.

முப்பத்தெட்டு எட்டிப் பார்த்தார். "கைதானே போச்சு. கால் இருக்குல்ல?" என்றார். வேறு யார் சொல்லியிருந்தாலும் அழுதிருப்பேன்.

நாலே நாளில் ஒரு பலகை வந்தது. அதில் ஐந்து மிதி பொத்தான்கள், ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப். எங்கள் ரிமோட் அனுப்பும் சிக்னலைப் படித்து அந்தச் சிப்பில் எழுதியிருந்தார். மிதித்தேன். டிவி அசையவில்லை.

"லைட்டு எரியுதான்னே தெரியலையே. வீடியோ கேமரா கண்ணுக்கு மட்டும் தெரியும்" என்றவர், பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தார். கட்டுக் கைகளோடு நானும் பின்னால் போனேன். நேரே மேடையேறி, கேமராவுக்கு முன் பலகையை நீட்டிப் பொத்தான்களை அமுக்கினார்.

பெண்ணின் அப்பா வந்துவிட்டார். "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"ரெண்டும் இல்லீங்க. இந்த லைட்டு எரியுதான்னு பாக்கணும்."

"நல்லா எரியுது சார்" என்றார் வீடியோக்காரர்.

பெண்ணின் அப்பா என் கட்டுகளைப் பார்த்தார். "சரி, சாப்ட்டுட்டுப் போங்க."

பந்தியில் முப்பத்தெட்டுதான் எனக்கு ஊட்டினார். "லைட்டு எரியுது, டிவிக்குப் புரியல. அப்போ மினுக்கற வேகம்தான் தப்பு" என்று கவளத்துக்குக் கவளம் கணக்குப் போட்டார். பாயசம் வரும்போது பிடிபட்டது. சிப்புக்கு வேகம் கொடுக்கும் கிரிஸ்டலில் வேறு வேகத்துக்கானதை மாட்டியிருந்தார்.

அதை மாற்றியதும் டிவி என் காலுக்குக் கட்டுப்பட்டது. ஜன்னல் வழியே எதிர்வீட்டு டிவியும் கட்டுப்பட்டது. இரண்டும் ஒரே கம்பெனி. எதிர்வீட்டுக் கன்னடத்தம்மா பூசாரியை அழைக்கவே கிளம்பிவிட்டார். முப்பத்தெட்டு ஓடிப்போய் விஷயத்தை விளக்கினார். அந்தம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்போ நம்ம வீட்டுக்காரரு நியூஸ் வெக்கறப்போ ஒரு தடவ மிதிக்கச் சொல்லு ஸ்வாமி."

ஐந்தாவது பொத்தான் எதற்கென்று அப்புறம்தான் சொன்னார். அதன் வெளிச்சம் வராந்தாச் சுவரில் பட்டுத் திரும்பி, அவர் அறையில் மணியடிக்கும். "ஏதாச்சும் வேணும்னா மிதி."

ஒரு மத்தியானம், விரல்களை நினைத்துப் பயம் வந்தபோது, மிதித்துவிட்டேன். ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர், லுங்கியை இழுத்துக் கட்டியபடி வந்து நின்றார்.

"என்னா வேணும்?"

"ஒண்ணும் இல்லண்ணா. சும்மாதான்."

"சரி" என்று சொல்லி, சுவரில் சாய்ந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.