ஜெகனுக்குக் கேட்டபாலிசம்

அரிசி மில் தராசில் ஜெகன் ஏறி நின்றதும் கார்த்திக்குக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. அறுபத்தாறு கிலோ! சாயங்காலம் உத்திரமேரூரில் கபடி ஃபைனல். ஆடுகிறவன் எவனானாலும் அறுபத்தைந்தைத் தாண்டக் கூடாது. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் ஃபைனலில் மண்ணைக் கவ்விய பெருநகர் கிராமத்து அணிக்கு ஜெகன் ஒருத்தன்தான் நம்பிக்கை.

"இன்னாடா துன்ன?" என்று பாய்ந்தான் கேப்டன் கார்த்திக்.

"கறிக்கொழம்புண்ணா. கொஞ்சம்தான்."

ஜெகனின் தங்கை திவ்யா காஞ்சிபுரம் காலேஜில் பயோகெமிஸ்ட்ரி படிக்கிறாள். கார்த்திக் அவளிடம் ஓடினான்.

"உடம்பு கரையறதுக்கு இன்னா பேரும்மா?"

"கேட்டபாலிசம்ணா. தமிழ்ல சிதைமாற்றம். துன்றது, கொழுப்பு எல்லாத்தையும் உடம்பு உடைச்சு சக்தி எடுத்துக்கும். எல்லாருக்கும் எப்பவும் நடந்துகினேதான் கீது. நீங்க ஒண்ணும் வரவைக்க வாணாம்."

கடைசி வாக்கியம் அவன் காதில் ஏறவில்லை. பேர் கிடைத்த பிறகு விளக்கம் எதற்கு? ஜெகனை ஆற்றோரமாக ஓடவிட்டு, பைக்கில் பின்னாலேயே விரட்டினான். எதிரில் வந்தவர்களிடமெல்லாம் பெருமையாக அறிவித்தான்: "ஜெகனுக்குக் கேட்டபாலிசம்! ஆளு கரைஞ்சிகினே கீறான்!"

போதாதா? மத்தியானத்துக்குள் அது ஏதோ உருக்கி நோய் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. ஜெகனின் அம்மா கோவிந்தம்மாள் வாசலில் சரிந்து உட்கார்ந்தாள்.

"ஐயோ நைனா, கேட்டபாலிசம் உன்னியத்தானா புடிக்கணும்!"

அந்த ஊரில் நோயாளியை வெறுங்கையோடு பார்க்க யாரும் வரமாட்டார்கள். பக்கத்து வீட்டு வளர்மதி ஆட்டுக்கால் சூப்போடு வந்தாள். அருள்தாஸ் நாட்டுக்கோழி ரசம் கொண்டுவந்தார். சடையப்பன் ஒரு குண்டான் நிறையக் கூழைச் சுமந்து வந்தார்.

கார்த்திக் பதறினான். "நோயில்ல அத்த! அது எல்லாருக்கும் கீது. உனுக்கும் கீது!"

வளர்மதி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குமா? அதுக்குள்ள தொத்திக்கிச்சா?"

கூட்டம் இரண்டு மடங்காயிற்று. பாத்திரங்களும்தான்.

ஜெகன் வாய் வைத்தால் கப்பு போச்சு. திருப்பி அனுப்பினால் கோவிந்தம்மாள் ஒப்பாரியை நிறுத்தமாட்டாள். கார்த்திக் பாத்திரங்களை உள்ளே வாங்கிக் கதவைச் சாத்தினான். ஜெகனைக் கம்பளிக்குள் திணித்து வேர்க்கவிட்டான். கொஞ்ச நேரத்துக்கொரு தடவை கதவைத் திறந்து, வாயைத் துடைத்துக்கொண்டே ஒரு காலிப் பாத்திரத்தை வெளியே நீட்டினான்.

"துன்னுட்டான் அத்த! தெம்பா கீறான்!"

கோவிந்தம்மாளுக்கு உயிர் வந்தது.

உத்திரமேரூர் மைதானத்தில் மைக் அலறியது. பெருநகரே திரண்டு வந்திருந்தது. ஜெகன் கண்ணை மூடிக்கொண்டு தராசில் ஏறினான். அறுபத்துநாலே முக்கால்!

"பாத்தியாம்மா திவ்யா? வரவச்சுட்டேன்!" கார்த்திக் துள்ளிக் குதித்தான். "கேட்டபாலிசம்! கேட்டபாலிசம்!" என்று ஊரே விசிலடித்தது. நோயென்று அழுதவர்கள்தான் அதிகமாகக் கத்தினார்கள். கார்த்திக்குக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கப்பு கைக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த வேகத்திலேயே தன் முறைக்கு அவனும் தராசில் ஏறி நின்றான்.

எடை பார்த்துக்கொண்டிருந்த சாம்சன் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஜெகன் ஆடட்டும். கேப்டன், நீ எறங்கி வெளிய குந்து. ரெண்டு கிலோ ஜாஸ்தி கீற!"